கேட்கத் தயங்கும் கேள்வி

மனநோய்க்கு மருந்து உண்பவரைக் காணச் சென்றால், உறக்கம் வருகிறதா, உணவு இறங்குகிறதா என்று கேட்கிறோம். மலம் கழிகிறதா என்று கேட்பவர் அரிது. மயிலாப்பூரில் எங்கள் அன்பியத்துக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

என் தம்பி பல ஆண்டுகளாகக் குளோசபின் மாத்திரை உண்கிறான். அவனை எங்களுக்கு மீட்டுத் தந்தது அதுவே. நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆயினும், குடல் தசைகளை இயக்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளின் வேலையை அம்மாத்திரை தடுக்கிறது. கைநடுக்கத்திற்கெனப் பேசிடேனும் சேர்ந்தால் தடை இன்னும் கடுமையாகும். ஐந்து நாள் வயிறு கழியாதிருந்தும் தம்பி எவரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தான். "இதை விழுங்கினால் வயிறு கல்லாகிவிடுகிறது, அண்ணா" என்றான். நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு அதுபோன்ற இரண்டு வாரங்கள் போதும்.

மருத்துவர் மலமிளக்கி எழுதித் தந்தார். அதில் இருந்தது சென்னா. நம் திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலவாகைதான். மண்ணிலிருந்து வரும் மருந்தையும் மருத்துவரையும் மதிக்கச் சொல்லும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இசப்கோல் வேண்டாம் என்றார். நகராத குடலில் அது மேலும் அடைத்துக்கொள்ளுமாம்.

அந்நாள்களில்தான் நண்பர் ஒருவர் அக்குபங்சரைப் பற்றிச் சொன்னார். தி.நகரில் நாங்கள் முதலில் பார்த்தவர், ஆங்கில மருந்தையெல்லாம் நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்றார். எழுந்து வந்துவிட்டோம். மனநோயாளியிடம் இப்படிச் சொல்வது வைத்தியமன்று, கொடுமை. அடையாற்றில் பார்த்தவர் வேறு வகை. மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார். அரைமணி நேரம் தம்பியிடமே பேசினார். கழிப்பைப் பற்றி நாணமின்றிக் கேட்டார். தொப்புளின் இருபுறமும் முழங்காலுக்குக் கீழும் மெல்லிய ஊசிகளைச் செருகினார். தம்பி உறங்கிப்போனான்.

சில வாரங்களில் கழிப்பு எளிதாயிற்று. புகழை ஊசிக்குத் தருவதா, நிலவாகைக்கா? 2016இல் வெளியான ஆய்வொன்றில், சீனாவின் 15 மருத்துவமனைகளில் கடும் மலச்சிக்கலுற்ற 1,075 பேரைப் பார்த்தார்கள். மின்னூட்டிய ஊசியால் நூற்றுக்கு 31 பேர் நலம் கண்டனர். பெயரளவில் ஊசி குத்தப்பட்டோரில் 12 பேர். ஆனால் அவர்கள் மனநோய் மருந்தால் சிக்குண்டவர்களல்லர். ஆகவே ஊசி துணையாகலாம், மருந்துக்கு மாற்றாகாது.

2020 சனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், குளோசபினால் வரும் மலச்சிக்கல் கவனியாது விடப்பட்டால் உயிரையும் பறிக்கக்கூடும் என்று எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வயிறு உப்பி, வலியும் வாந்தியும் கண்டால் ஊசிக்கோ செபத்திற்கோ காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வழியில் செபிக்கலாம்.

உண்ட உணவு வயிற்றுக்குள் சென்று வெளியேறுவதை ஆண்டவரே கூச்சமின்றிப் பேசியதாக மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நமக்கு மட்டும் ஏன் இத்தனை நாணம்?

இப்போது நாள்காட்டியில் தம்பியே குறியிடுகிறான். மூன்று நாள் குறியில்லையேல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறேன். மாதம் இருமுறை அடையாற்றுக்கும் போகிறோம். திரு.வி.க. பாலத்தைக் கடக்கையில் ஆற்றைப் பார்த்தபடி அவன் பேசிக்கொண்டே வருகிறான்.