கட்டி முடியாத ஊர்

எஸ்டோனியாவின் தலைநகரம் டாலின். அதன் விமான நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருக்கிறது. யூலெமிஸ்டே என்று பெயர். ஊருக்குக் குடிதண்ணீர் தருவது பெரும்பாலும் இந்த ஏரிதான். இதற்குள் ஒரு கிழவர் குடியிருக்கிறார் என்பது அந்த ஊரின் பழங்கதை. இலையுதிர்கால இரவொன்றில் கரையேறி வந்து, கோட்டை வாசலில் நிற்பவரிடம், "ஊரைக் கட்டி முடித்தாயிற்றா?" என்று கேட்பாராம். "எங்கே! இன்னும் எவ்வளவோ வேலை கிடக்கிறது" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். "முடிந்தது" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போயிற்று; ஏரியைத் திறந்துவிட்டு ஊரையே மூழ்கடித்துவிடுவாராம்.

அந்தக் கிழவர் இன்று கரையேறினால் கணினிக்காரர்கள் நடுவில்தான் வந்து நிற்பார். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் ட்விகாடெல் என்ற தொழிற்சாலை இருந்தது. ஜார் மன்னர் காலத்தில் ரயில் பெட்டிகள் செய்தார்கள். சோவியத் காலத்தில் ராணுவத்துக்காக இயங்கிய, வெளியாள் நுழைய முடியாத வளாகமாக மாறியது. இப்போது அதே இடம் யூலெமிஸ்டே சிட்டி. பல நூறு நிறுவனங்கள் இயங்கும் தொழில்நுட்ப வளாகம். பழைய கற்கட்டடங்களில் சிலவற்றை இடிக்காமல், உள்ளே மேசை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கையில் இருப்பதை ஒட்டிக் கட்டுவது இந்த ஊரின் பழக்கம்.

நாட்டின் மொத்த மக்கள்தொகையே 13 லட்சத்துச் சொச்சம். 1991இல் சுதந்திரம் திரும்பக் கிடைத்தபோது கஜானா காலி. ஆனால் டாலினில் 1960 முதலே சைபர்னெடிக்ஸ் ஆய்வு நிறுவனம் ஒன்று இருந்தது. கணிதமும் கணினியும் தெரிந்த ஒரு தலைமுறை அங்கே தயாராகியிருந்தது. 1996இல் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி 'புலிப் பாய்ச்சல்' என்ற திட்டத்தை அறிவித்தார். சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் கணினியும் இணையமும் போய்ச் சேர்ந்தன. விமான நிலையத்துக்கு இன்று அவருடைய பெயர்தான்.

1990களில் ஸ்கைரோட்ஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு, விண்வெளியில் மிதக்கும் சாலையில் பறக்கும் அந்த ஓடம் நினைவிருக்கலாம். அதை உருவாக்கிய டாலின் இளைஞர்கள்தான் ஆஹ்தி ஹெய்ன்லா, ப்ரீத் கசெசாலு, யான் டாலின். (ஊரின் பெயரே இவருக்குக் குடும்பப் பெயர்.) ஸ்வீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும் தொடங்கிய ஸ்கைப் என்ற இணைய அழைப்புச் சேவைக்கு 2003இல் மென்பொருள் எழுதியது இந்தக் குழு. பெரிய சர்வர் கூடங்களை நம்பாமல், பேசுகிறவர்களின் கணினிகளையே ஒன்றோடொன்று கோத்து அழைப்பைக் கடத்தியதுதான் அதன் சூட்சுமம். 2005இல் ஈபே நிறுவனம் அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு உள்ளூரிலேயே விதையானது. ஸ்கைப்பின் பொறியாளர்கள் முதலீட்டு நிறுவனம் தொடங்கி, அடுத்து வந்தவர்களுக்குக் கைகொடுத்தார்கள். ஸ்கைப்பில் முதல் ஊழியராகச் சேர்ந்த டாவெத் ஹின்ரிகுஸ் லண்டனில் குடியிருந்தார், சம்பளம் யூரோவில். அவர் நண்பர் கிரிஸ்டோ கேர்மனுக்கு லண்டனில் பவுண்டில் சம்பளம், எஸ்டோனியாவில் யூரோவில் வீட்டுக்கடன். வங்கிக்குத் தண்டம் அழுவானேன் என்று, ஹின்ரிகுஸ் அங்கே யூரோ கட்ட, கேர்மன் லண்டனில் பவுண்டு கொடுத்தார். கிட்டத்தட்ட நம்மவர்கள் அறிந்த உண்டியல் கணக்குதான். அதைச் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாக்கி 2011இல் தொடங்கியதே இன்றைய வைஸ். 2013இல் 19 வயது மார்குஸ் வில்லிக், பெற்றோரிடம் 5,000 யூரோ கடன் வாங்கித் தொடங்கிய டாக்சி செயலி, போல்ட் என்ற பெயரில் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஓடுகிறது. ஹெய்ன்லா 2014இல் ஸ்டார்ஷிப்பைத் தொடங்கினார். அதன் ஆறு சக்கர ரோபோக்கள் நடைபாதையில் உருண்டுபோய் வீட்டு வாசலில் மளிகையைச் சேர்க்கின்றன.

அரசாங்கமும் கையில் இருப்பதை ஒட்டித்தான் கட்டியது. எல்லாத் தகவலையும் ஒரே கிடங்கில் குவிக்கவில்லை. ஒவ்வொரு துறையின் பதிவேடும் அதனதன் இடத்தில் இருக்க, அவற்றுக்கிடையே பாதுகாப்பான பாதை ஒன்றைப் போட்டார்கள். 2001இல் வந்த அந்த எக்ஸ்-ரோடு இன்றும் ஆட்சியின் நரம்பு மண்டலம். அரசிடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைக் குடிமகனிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. ஜெராக்ஸ் எடுத்து அலைய வேண்டியதில்லை. என் விவரத்தை எந்த அதிகாரி எப்போது எடுத்துப் பார்த்தார் என்று குடிமகன் திருப்பிப் பார்க்கவும் முடியும். 2005 உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்குப்பதிவைத் தொடங்கினார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் அப்படித்தான் விழுந்தன.

அடி வாங்காமல் இது வளரவில்லை. 2007 ஏப்ரலில், சோவியத் படைவீரர் சிலை ஒன்றை நகரின் நடுவிலிருந்து இடம் மாற்றியபோது கலவரம் வெடித்தது. கூடவே வங்கிகள், செய்தித்தாள்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் இணையதளங்கள் மீது வாரக்கணக்கில் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டே நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் டாலினில் அமைந்தது. நாடே ஆக்கிரமிக்கப்பட்டாலும் பதிவேடுகள் பிழைக்கட்டும் என்று, லக்சம்பர்க்கில் 'தரவுத் தூதரகம்' ஒன்றை வைத்தார்கள். 2017இல் அடையாள அட்டைச் சில்லில் ஒரு ஓட்டை தெரியவந்தது, சுமார் 7.5 லட்சம் அட்டைகள் சிக்கின. அரசு அதை மூடி மறைக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லி, சான்றிதழ்களை முடக்கி, புதுப்பித்துக் கொடுத்தது.

இந்தத் தொழில்நுட்பக் கூட்டத்தின் கலகலப்பைப் பார்க்க டெல்லிஸ்கிவி என்ற பகுதிக்குப் போக வேண்டும். பெயருக்குச் செங்கல் என்று பொருள். பழைய ரயில்வே பணிமனைகளில் இன்று காபிக் கடைகளும் நாடகக் கூடங்களும் தொழில்முனைவோர் கூடங்களும் இருக்கின்றன. 2010இல் டாலினில் தொடங்கிய கராஜ்48 என்ற கூடுகையில், வெள்ளி மாலை யோசனையோடு வருபவர்கள் ஞாயிறு மாலைக்குள் ஓடும் மென்பொருளைக் காட்டியாக வேண்டும். லாடிட்யூட்59 மாநாடு கடலோரத்துப் பழைய மின் நிலையத்தில் நடக்கிறது. ஊர் சிறியது என்பதால், நேற்று ஜெயித்தவரும் நாளை தொடங்கப்போகிறவரும் ஒரே காபி வரிசையில் நிற்க நேரும்.

ஆனால் அந்த வரிசையில் எல்லோரும் இல்லை. டாலினில் ரஷ்ய மொழி பேசுவோர் ஏராளம். ட்விகாடெல் போன்ற ஆலைகள் மூடியபோது அடிபட்டவர்களில் அவர்கள் நிறைய. லஸ்னமே பகுதியின் அடுக்குமாடிகளுக்கும் யூலெமிஸ்டே சிட்டியின் அலுவலகங்களுக்கும் தூரம் அதிகமில்லை. மொழிதான் குறுக்கே நிற்கிறது. பள்ளிகள் அனைத்தையும் எஸ்டோனிய மொழிக்கு மாற்றும் வேலை 2024இல்தான் தொடங்கியது.

2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்டது. எல்லாவற்றையும் தொடங்கி வைத்த பெயர் மறைந்தும், அங்கே பழகியவர்கள் தொடங்கிய கடைகள் திறந்தே இருக்கின்றன. கிழவர் இந்த இலையுதிர்காலமும் வந்து கேட்கட்டும். பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டிய அவசியம் ஊருக்கு இல்லை. வேலை நிஜமாகவே கிடக்கிறது.