பூட்டிய அலமாரியும் ஒரு மாந்திரிகர் கதையும்

மாந்திரிகர் இருவரைப் பற்றிய நாவல் ஒன்றைக் கல்லூரி ஆசிரியராகிய யாம் கோடை விடுமுறை முழுதும் கைவிடாது படித்தோம் என்பதைக் கேட்டு அன்பர்களிற் சிலர் நகைத்தல் கூடும். எமக்கும் முதலில் நகைதான் வந்தது. இளங்கலை இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு ஊர் செல்லும் நாளில், செங்கல்லைப் போன்று கனத்த புத்தகம் ஒன்றை எம் மேசைமேல் வைத்து, "ஐயா, இதைப் படித்துப் பாருங்கள்; திருப்பிக் கொடுக்க அவசரமில்லை" என்று சொல்லிப் போய்விட்டாள். வேதாளமும் மந்திரக்கோலும் விளையாடும் சிறுபிள்ளைக் கதை போலும் என எண்ணி அதனை ஒருபுறம் வைத்தோம். பத்து நாள் கழித்து, கோடை மழையால் வெளிச்செல்ல இயலாத ஒரு மாலையில் பொழுதுபோக்காகத் திறந்தோம். பின்னர் அது எம்மை விடவில்லை. விட்டபின்னும் ஒரு முள்ளைத் தைத்துவிட்டே விட்டது. அம்முள்ளைப் பற்றி எழுதவே இம்மலரில் இடம் கேட்டோம்.

நூலின் பெயர் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்சும் மிஸ்டர் நோரலும்' என்பது. இயற்றியவர் ஸுஸானா கிளார்க் என்னும் ஆங்கில அம்மையார். இவர் 1959-ஆம் ஆண்டு நாட்டிங்ஹாம் நகரில் மெதடிஸ்து சபைப் போதகர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர். சமையல் நூல்களைப் பதிப்பிக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டே, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்து இதனை எழுதி முடித்தார். 2004-இல் வெளிவந்த இந்நூல் மறு ஆண்டே ஹியூகோ பரிசையும் உலகக் கற்பனை இலக்கியப் பரிசையும் பெற்றது; 2015-இல் இங்கிலாந்தின் ஒலிபரப்புக் கழகத்தார் இதனை ஏழு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகமாக்கினர். பக்கங்கள் ஏறத்தாழ எண்ணூறு. அடிக்குறிப்புகள் இருநூற்றுக்குச் சற்றே குறைவு. இவ்வடிக்குறிப்புகளில் ஆசிரியை, உலகில் ஒருபோதும் இல்லாத நூல்களையும் இல்லாத அறிஞரையும் மிகுந்த அடக்கத்தோடு மேற்கோள் காட்டிச் செல்கின்றார். அடிக்குறிப்பு என்றாலே நம்பிவிடும் தொழிலுடைய யாம், நூற்பெயர் இரண்டை எமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பிறகு நாணி அடித்துவிட்டோம் என்பதையும் ஈண்டு ஒளியாது சொல்லிவிடுகின்றோம்.

கதை 1806-ஆம் ஆண்டில், நெப்போலியனோடு இங்கிலாந்து பொருதுகொண்டிருந்த காலத்தில், தொடங்குகின்றது. யார்க் நகரில் மாந்திரிகர் சங்கம் ஒன்று உளது. மாதந்தோறும் கூடி, மந்திரத்தின் பூர்வ சரித்திரத்தைக் குறித்து நீண்ட கட்டுரைகள் வாசிப்பது அதன் வேலை. உறுப்பினருள் ஒருவராவது ஒரு சிறு மந்திரத்தையும் செய்து பார்த்தாரல்லர். புதிதாய்ச் சேர்ந்த ஸெகண்டஸ் என்பார், இங்கிலாந்தில் இப்போது மந்திரம் ஏன் நிகழ்வதில்லை என்று கேட்டுவிடுகின்றார். சபை முழுதும் முகம் சுளிக்கின்றது. கல்விச் சங்கங்கள் பலவற்றில் இருந்து பழகிய எமக்கு இக்காட்சி புதிதன்று.

அவ்வினாவிற்கு விடையாக வருபவரே மிஸ்டர் நோரல். யார்க்ஷயரில் ஹர்ட்பியூ மடம் என்னும் மாளிகையில் தனித்து வாழ்பவர். இங்கிலாந்தில் எங்கேனும் ஒரு மந்திர நூல் விலைக்கு வருமாயின் அதனை வாங்கித் தம் அறையிலிட்டுப் பூட்டுவது அவர் வழக்கம். மந்திரத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் வேறு. மந்திரத்தையே கற்பிக்கும் நூல்கள் வேறு. பின்னவை யாவும் அவரிடமே போய்ச் சேர்ந்துவிட்டமையால், சங்கத்தார்க்கு முன்னவையே மிஞ்சின. அவர்கள் ஏட்டுச் சுரைக்காயோடு நின்றதற்கு அவர்தம் சோம்பல் மட்டும் காரணமன்று என்பது அப்போது விளங்குகின்றது.

நோரல் சங்கத்தார்க்கு ஓர் ஒப்பந்தம் விடுக்கின்றார். தாம் மந்திரம் செய்து காட்டுவதாகவும், காட்டினால் அவர்கள் சங்கத்தைக் கலைத்து, மாந்திரிகர் என்னும் பெயரையே துறந்துவிட வேண்டும் எனவும் கேட்கின்றார். ஸெகண்டஸ் ஒருவர் நீங்கலாக அனைவரும் கையொப்பமிடுகின்றனர். 1807 பெப்ரவரியில், யார்க் பேராலயத்தில், பல நூற்றாண்டுகளாக வாய்மூடி நின்ற கற்சிலைகள் யாவும் ஒருங்கே பேசத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒரு சிறு உருவம், முன்னொரு காலத்தில் அவ்வாலயத்துள் தலையிற் கொடியிலை சூடிய பெண்ணொருத்தி கொல்லப்பட்டதைக் கண்ட ஒரே சாட்சி தானே என்று ஓலமிடுகின்றது. இப்பகுதியைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சங்கம் கலைந்தது. நோரல் லண்டனுக்குச் சென்றார்.

ஆங்கே அவர் செய்தது பிரபு ஒருவர் மணக்கவிருந்த இறந்த கன்னியை எழுப்பியது. யவீருவின் மகளை எழுப்பிய திருக்கரம் கூலி கேட்கவில்லை. நோரல் துணைக்கழைத்த மோகினிக் குலத்தான் கேட்டான். பஞ்சு போன்ற தலைமயிர் உடைய அவனுக்கு அப்பெண்ணின் ஆயுளிற் பாதி கூலியாகப் பேசப்பட்டது. அதனால் அவள் இரவுதோறும் அவனுடைய மாளிகைக்கு இழுக்கப்பட்டு, விடியுமட்டும் நடனமாடுகின்றாள். தன் துன்பத்தைப் பகலில் எவரிடமேனும் சொல்ல வாயெடுத்தால், தொடர்பற்ற ஏதோ பழங்கதை நாவினின்று வருகின்றது. கேட்டோர் பித்தென்று கைவிட்டனர். இத்துணை கொடிய சிறையை யாம் வேறெந்நூலிலும் படித்ததில்லை. அதே மாளிகைக்கு இழுக்கப்படும் மற்றொருவன் ஸ்டீபன் பிளாக். அடிமைக் கப்பலில் பிறந்து, பிறந்தவுடன் தாயை இழந்து, தாயிட்ட பெயரையும் அறியாது, பிரபுவின் வீட்டில் தலைமைப் பணியாளாக இருப்பவன். இங்கிலாந்துப் பார்லிமெண்டு அடிமை வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது 1807 மார்ச்சில். ஆலயக் கற்கள் பேசுவதாக ஆசிரியை புனைந்தது அதற்கு முந்திய மாதத்தில். இஃது ஆசிரியை கருதியே அமைத்தது என்று யாம் துணிகின்றோம், மறுப்போர் மறுக்கலாம்.

மற்றைத் தலைவராகிய ஸ்ட்ரேஞ்சு, கதையிற் காற்பங்கு கழிந்த பின்னரே செவ்வனே தோன்றுகின்றார். முதலிருநூறு பக்கங்களில் பொறுமை இழந்து நூலை மூடிவிடாதீர்கள் என்று மாணாக்கர்க்குச் சொல்லுதல் கடனாகும். ஸ்ட்ரேஞ்சு நோரலிடம் மாணாக்கராகச் சேர்ந்து, 1811-இல் போர்த்துகல் சென்று, வெலிங்டன் படைக்கு மந்திரத்தாற் சாலை அமைத்துக் கொடுக்கின்றார். (1799-இல் சீரங்கப்பட்டணத்துப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லியே இவ்வெலிங்டன், நம்மவர்க்குப் பழகிய முகம்.) போர்க் காட்சிகள் சுவையுடையன. ஸ்ட்ரேஞ்சின் மனைவியைப் பற்றிய பகுதி அத்துணை நிறைவு தரவில்லை. ஆசிரியை அவ்வம்மைக்கு இன்னும் சில பக்கங்கள் ஈந்திருக்கலாம்.

நிற்க. எம்மைத் தைத்தது போருமன்று, மோகினியுமன்று. நோரல் தம் மாணாக்கருக்கு நூல் கொடுக்கும் விதமே. ஒரே மாணாக்கர், அவரும் தம்மினும் வல்லவராகக் கூடியவர். அவர்பால் நோரலுக்கு அன்பு இல்லாமலில்லை. உலகில் தம்மோடு பேசத்தக்கவர் அவரொருவரே என்பதையும் அறிவார். ஆயினும் உயர்ந்த நூல்களை மறைத்துவிட்டு, எஞ்சியவற்றுள் ஒவ்வொன்றாக, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்போலக் கொடுக்கின்றார். ஸ்ட்ரேஞ்சு பிரிந்து சென்று 1816-இல் தாமே ஒரு நூல் வெளியிட்டபோது, அதன் பிரதிகள் மறைந்துபோகும்படி நோரல் மந்திரம் செய்கின்றார். ஸெகண்டஸ் ஒரு பள்ளிக்கூடம் தொடங்க முற்பட, அதனையும் தடுத்துவிடுகின்றார். தெருவோர மாந்திரிகரை லண்டனினின்று ஓட்டுகின்றார். இவ்வளவும் செய்பவர் தீயவரோ எனின், அல்லர். நூல்களை உண்மையாகவே நேசிப்பவர். பிறர் கைப்பட்டால் அவை கெடும், பிறர் கருத்திற் பட்டால் கலை கெடும் என்று மெய்யாகவே அஞ்சுபவர். திருடனைக் கண்டால் யாம் அல்லேம் என்று ஒதுங்கிவிடலாம். இவரைக் கண்டு ஒதுங்க இயலவில்லை.

ஏனெனின், எமது துறையில் ஒரு கண்ணாடி அலமாரி உளது. பழைய அச்சு நூல்கள் அதில் இருந்தன. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், அதன் திறவுகோல் எம் பொறுப்பில் இருந்த காலத்தில், இரசாயன வகுப்பில் பயின்ற மாணாக்கர் ஒருவர் எம்மிடம் வந்தார். பாதரசத்தைக் கட்டும் முறைகளைச் சித்தர் மரபில் எவ்வாறு கூறியுள்ளனர் என்று அறிய அவருக்கு ஆவல். அம்மரபில் வந்த நூலொன்று எங்கள் அலமாரியில் இருப்பதைக் கண்ணாடி வழியே கண்டிருக்கின்றார். "உன் பாடத்திட்டத்தில் இது இல்லையே, தம்பி; முதலில் பரீட்சையைப் பார்" என்று அனுப்பினோம். பரீட்சை முடிந்து மறுபடியும் வந்தார். தாள்கள் நொறுங்கும் நிலையில் உள்ளன, எடுத்தால் கெட்டுவிடும் என்றோம். அது பாதி உண்மை. மூன்றாம் முறை வந்தபோது, இங்கேயே எம் கண்முன் அமர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வதாகவும், தாளைத் தாமே தொடாமல் யாமே புரட்டிக் காட்டினாலும் போதும் எனவும் கேட்டார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. ஆகவே, "திறவுகோலை வீட்டில் வைத்துவிட்டு வந்தோம்" என்றோம். அது எம் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான்காம் முறை வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, சுவரில் ஈரம் இறங்கிற்று என்று அலமாரியை நகர்த்திய நாளில், கீழ்த்தட்டு நூல்களைக் கையில் எடுத்தோம். அந்நூலின் கட்டடம் முழுமையாய் இருந்தது. முதுகிற் பெயரும் தெளிவாய் இருந்தது. திறந்தால் உள்ளே மண். கறையான் அட்டையை மட்டும் மரியாதையாக விட்டுவைத்திருந்தது. பியூன் அதனை முறத்தில் வாரிக் கொண்டுபோனார். யாம் பேரேட்டில் அந்நூலின் எதிரே 'சிதைந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். எம்மை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தாலந்தைப் பூமியிற் புதைத்து வைத்தவன் உவமையைச் சிற்றாலயத்தில் எத்தனை முறையோ கேட்டிருக்கின்றோம். அவனும் திருடியவன் அல்லன், பத்திரமாய் வைத்திருந்தவனே. அவ்வுவமை எம்மைப் பற்றியது என்று ஒருபோதும் தோன்றாதது, எண்ணூறு பக்க மந்திரக் கதையில் நோரலைக் கண்டபோதுதான் தோன்றிற்று.

இனி அந்நாவலில் நூல் தின்னப்படும் ஒரு கதையும் வருகின்றது. முற்காலத்தில் வடஇங்கிலாந்தை முந்நூறு ஆண்டுக்குமேல் ஆண்டதாகச் சொல்லப்படும் அண்டங்காக்கை அரசன் எழுதிய நூலொன்றை, கிளெக் என்னும் குடியன் பந்தயத்தில் தாள் தாளாகத் தின்றுவிடுகின்றான். நூற்கொலை செய்த குற்றத்திற்குத் தூக்கிலிடப்படுகின்றான். அவன் மகன் வின்குலஸ் பிறந்தபோது, அந்நூலின் எழுத்துக்கள் யாவும் குழந்தையின் உடம்பில் நீலநிறத்திற் பொறித்திருக்கின்றன. நோரல் லண்டன் தெருவினின்று ஓட்டிய பஞ்சை மாந்திரிகன் இவனே. ஆயுள் முழுதும் நூல் தேடியவர், நூல்களுள் தலையாயது கந்தல் உடுத்து எதிரே நின்றபோது அதனை அறியாது விரட்டினார். எங்கள் கறையானுக்கு அத்தகைய மகப்பேறு வாய்க்கவில்லை.

கையொப்பமிட மறுத்த ஸெகண்டஸுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் வைக்கத் தடைப்பட்ட அதே வீட்டில், அவர் பின்னர் மனநோயாளரைப் பேணும் பணியை மேற்கொள்கின்றார். பித்தென்று கைவிடப்பட்ட அப்பிரபுவின் மனைவி அங்கே கொண்டுவரப்படுகின்றாள். அவள் வாயருகே ஒரு ரோஜாமலர் முத்திரைபோல் நிற்பதைக் காண்கின்றவர் இவரே. லண்டன் வைத்தியர் எவர் கண்ணுக்கும் அது தெரிந்திலது. அவளுடைய பழங்கதைகளைப் பிதற்றல் எனத் தள்ளாது, அவர் உட்கார்ந்து எழுதிக்கொள்கின்றார். இறுதியில் அவள் விடுதலை பெறுவதும், ஸ்டீபன் பிளாக் அம்மோகினிக் குலத்தானை வென்று அவனது நாட்டிற்கு அரசனாவதும் எவ்வாறு என்பதை யாம் விரிக்கப் போவதில்லை, படித்தறிக. நோரலின் பூட்டிய அறையில் நூல்கள் காக்கைகளாகி எழுந்து பறக்கும் காட்சியும் ஆங்கு உளது.

விடுமுறை கழிந்து நூலை அம்மாணவியிடம் திருப்பிக் கொடுத்தோம். "இவ்வளவு விரைவாகவா, ஐயா!" என்றாள். ஓரங்களில் யாம் பென்சிலால் கோடிட்டிருந்தமைக்கு வருத்தம் தெரிவித்தபோது, அடுத்துப் படிப்பவர்க்கு அது பயன்படும் என்று சொல்லிவிட்டாள். அடுத்துப் படிப்பவர் ஒருவர் உண்டு என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை.

அலமாரியின் பூட்டை ஜூலை மாதத்தில் எடுத்துவிட்டோம். எஞ்சிய நூல்கள் நாற்பத்தாறு. அவற்றுள் நொறுங்குந் தாளுடைய பதினொன்றை மாணாக்கர் இருவர் தம் கைப்பேசியாற் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வருகின்றனர். புரட்டிக் கொடுப்பது எம் வேலை. மற்றவற்றை யார் வேண்டினும் எடுத்துப் போகலாம். ஓரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகின்றது. பெயர் எழுதினாற் போதும். இதுவரை இரண்டு நூல்கள் திரும்பி வரவில்லை. சக ஆசிரியர் ஒருவர் அதனைச் சுட்டிக்காட்டி எம்மைக் கடிந்துகொண்டார். அவர் அச்சமும் பொய்யன்று.

இம்மலர் பழைய மாணாக்கர்க்கும் அனுப்பப்படுவதால், அன்று மூன்று முறை வந்து போனவர் இப்பக்கத்தைக் காணுதலும் கூடும். அவர் பெயரை யாம் மறக்கவில்லை. இங்கே எழுதுவது முறையன்று. கண்டால் ஒரு கடிதம் எழுதுவாராக. அந்நூலின் வேறு பிரதி எங்கேனும் உளதா என்று பழம்புத்தகக் கடைகளிலும் வைத்தியர் சிலர் வீடுகளிலும் விசாரித்து வருகின்றோம், இன்னும் அகப்படவில்லை.