லண்டனில் மாப்பிள்ளை காரை மாமனார் ஓட்டலாமா?

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் போய் இறங்கினால், ஊரை விட்டு வந்த நினைப்பே வராது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தோசை வாசம், புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடையில் முருங்கைக்காய்! கார்கூட நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓடுகிறது. நம் லைசென்ஸை வைத்தே 12 மாதம் வரை ஓட்டலாம். அப்புறமென்ன? சர்ச் ரோடு முருகன் கோயிலுக்குப் போக மாப்பிள்ளையிடம் சாவி கேட்டேன்.

"இன்சூரன்ஸ்ல உங்க பேர் இல்லையே மாமா. போலீஸ் வண்டியைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றார்.

என் மனைவி முகம் போன போக்கைப் பார்க்கணும்! ஆனால், அவர் சொன்னது சாக்கு இல்லை. நம் ஊரில் பாலிசி வண்டிக்கு. லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொதுவாகச் செல்லும். பிரிட்டனில் பெரும்பாலும் பாலிசியில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். மற்றவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். 300 பவுண்டு அபராதம், 6 பாயின்ட். சாவி கொடுத்தவரும் மாட்டுவார். மாப்பிள்ளை அங்கே டெஸ்ட் பாஸ் செய்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. முதல் 2 ஆண்டுக்குள் 6 பாயின்ட் விழுந்தால் லைசென்ஸே ரத்து, மறுபடி எல்.எல்.ஆர். நிலையிலிருந்து தொடங்க வேண்டும். தினமும் காரில் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்?

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. சில மணி நேரத்துக்கோ, சில நாளுக்கோ தற்காலிக பாலிசி போனிலேயே எடுக்கலாம். வெளிநாட்டு லைசென்ஸை ஏற்கும் கம்பெனியா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

அங்கேயே குடியேறுகிறவர்களுக்குத்தான் பிரீமியம் கையைக் கடிக்கும். எந்த ஏரியா, என்ன வேலை, ராத்திரி வண்டி எங்கே நிற்கும், எல்லாம் கேட்பார்கள். இங்கே 10 வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதைப் பல கம்பெனிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடுக்கிற கம்பெனியும் சான்று கேட்கும் என்பதால், கிளம்பும் முன்பே கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியத்தைக் குறைக்க, மகன் தினம் ஓட்டும் காருக்கு அப்பாவை முக்கிய டிரைவராகக் காட்டும் சாமர்த்தியம் மட்டும் வேண்டாம். அங்கே அது மோசடி.

நியூசிலாந்து இதற்கு நேர் எதிர். அங்கே கார் இன்சூரன்ஸ் கட்டாயமே இல்லை. விபத்தில் அடிபட்டால், சுற்றுலா வந்தவராக இருந்தாலும், ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு சிகிச்சைச் செலவில் பங்கேற்கும். 1974-லிருந்தே இந்த ஏற்பாடு. ஆனால், நீங்கள் இடித்த காரின் ரிப்பேர் செலவு உங்கள் தலையில்தான்! எனவே, கட்டாயமில்லை என்றாலும் பாலிசி எடுத்துவிடுவதே நல்லது.

இங்கே காரை விற்றுவிட்டுப் போகிறவர்கள் நோ கிளெய்ம் போனஸ் சான்றை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 3 ஆண்டுக்குள் திரும்பி வந்து புது கார் வாங்கினால், அந்தத் தள்ளுபடி அப்படியே கிடைக்கும்.