மருந்து நாய்க்கு, நோய் மண்ணில்

வளர்ப்பு நாயின் வயிற்றுக் கோளாறு ஒருமுறை வந்தால் அது சாதாரணம். திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொல்லிமலையில் எங்கள் வீட்டு நாட்டு நாய்க்குக் கழிச்சல் வரும். பூச்சி மருந்தில் அடங்கும். இரண்டு மாதங்களில் மீண்டும் தலைகாட்டும். பாலையும் கொழுப்பையும் நிறுத்தி, குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் மட்டுமே கொடுத்தோம். பலனில்லை. ஈறுகள் வெளுத்து, மலம் தார்போலக் கறுத்தபோது அஞ்சினோம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சிறு டப்பாவில் மலத்துடன் நாமக்கல் சென்றோம். நுண்ணோக்கியில் தெரிந்தவை கொக்கிப்புழுவின் முட்டைகள். குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும் புழு அது. முட்டைகள் ஈரமண்ணில் ஓரிரு நாட்களில் பொரியும். ஒரு வார அளவில் புழுக்கள் வாய்வழியாகவோ தோலைத் துளைத்தோ மீண்டும் நாயை அடையும். காப்பிச் செடிகளின் நிழலும் மலையின் ஈரமும் அவற்றுக்கு உகந்த தொட்டில். வெறுங்காலுடன் திரியும் குழந்தைகளின் தோலிலும் அவை நுழையக்கூடும்.

அதன்பின் மருத்துவர் சொன்ன இடைவெளியில் மருந்தை மறுபடி கொடுத்தோம். மலத்தை அன்றன்றே அகற்றினோம். படுக்கையை வெயில் விழும் சிமெண்டுத் தரைக்கு மாற்றினோம். கழிச்சல் நின்றது. வயிற்றுக்கு வைத்தியம் செய்கிறவர்கள் வாசலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.