வழுக்கிய படியும் வழுவிய பொறுப்பும்

ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் நம் தமிழில் அதனைச் சொல்லும் முறைகள் பல. கால் இடறியது என்போம்; கால் தவறியது என்போம்; வழுக்கிவிட்டது என்போம். நாளிதழ்களில் 'தவறி விழுந்து' என்னும் தொடர் இல்லாத நாள் அரிது. இத்தொடர்களில் எல்லாம் குற்றம் சுமப்பது விழுந்தவரின் காலே. தரை யாருடையது, அத்தரை ஏன் வழுவழுப்பாயிற்று, அதனைப் பேணும் கடமை யாருக்கு உரியது என்னும் வினாக்களுக்கு இத்தொடர்களில் இடமே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் எழுவாயும் பயனிலையும் கற்பித்தவன் நான். எனினும் 'கால் தவறியது' என்னும் தொடரில் கால்தானா உண்மையான எழுவாய் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பரில், அவ்வெழுவாய் நானே என்று அறிந்துகொள்ள நேர்ந்தது.

என் இல்லம் தாம்பரத்தை அடுத்த இராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ளது. அந்நாளில் அப்பகுதி செம்பாக்கம் நகராட்சியைச் சார்ந்திருந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதனுள் அடங்கியது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன் பெற்றுக் கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் நாங்கள், மேல்தளத்தை வாடகைக்கு விட்டிருந்தோம். மேலே செல்லும் படிக்கட்டு வீட்டிற்கு வெளியே, வடபுறச் சுவரை ஒட்டி அமைந்தது. வெயில் படாத பக்கம். கட்டும்போது பணம் போதாமையால் கைப்பிடிக் கம்பியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் 'பிறகு' பதினேழு ஆண்டுகள் வரவே இல்லை.

மாடியில் குடியிருந்தவர் சானட்டோரியம் ஏற்றுமதி வளாகத்தில் பணிபுரிந்த இளைஞர். அவர்தம் மனைவி, ஒரு குழந்தை, எழுபதைக் கடந்த தாயார் ஆகியோர் உடன் இருந்தனர். அவ்வம்மையார் என்னைத் 'தம்பி' என்றே அழைப்பார். பெருநாள் அன்று என் துணைவியார் அனுப்பும் பாயசத்தை வாங்கிக்கொண்டு, பொங்கலன்று அதே பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலை நிரப்பித் திருப்பி அனுப்புவார். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் நீரைத் தாங்கிவரும் குழாய் ஒன்று உடைந்து, அந்நீர் படிக்கட்டின் நடுவே சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இளைஞர் ஆகஸ்டில் ஒருமுறை சொன்னார்: "பாய், மூணாவது படியில தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கு. பாசி கட்டிடுச்சு." அக்டோபரில் வாடகை தரும்போது மீண்டும் சொன்னார். நவம்பரில் மழை தொடங்கிய பின் மூன்றாம் முறையாகச் சொன்னார். மூன்று முறையும் நான் அளித்த விடை ஒன்றே: "குழாய்க்காரரிடம் சொல்லியிருக்கிறேன், மழை நிற்கட்டும்." குழாய்க்காரரிடம் நான் சொல்லவில்லை என்பதை இன்று இம்மலரில் எழுதுவதற்கு நாணுகின்றேன், ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

மழை நின்றதா? அவ்வாண்டின் மழையைத் தென்சென்னையில் வாழ்ந்தவர் எவரும் மறவார். டிசம்பர் முதல் நாளை ஒட்டிய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் அடையாற்று வெள்ளத்தில் மிதந்தன. எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றது. வடிந்தபின் மின்சாரமும் குடிநீரும் சீராகச் சில நாட்கள் ஆயின. அந்நாட்களில் ஒரு விடியற்காலை, பஜ்ர் தொழுகை முடித்து நான் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கீழே இருந்த அடிகுழாயில் நீர் பிடிக்க அவ்வம்மையார் குடத்துடன் இறங்கியிருக்கிறார். மூன்றாம் படியில் வழுக்கி, எஞ்சிய படிகளிலும் உருண்டு, தரையில் கிடந்தார். நான் வாயிற்கதவைத் திறந்தபோது கேட்ட முதற்சொல், "ஒண்ணுமில்ல தம்பி, கால் தவறிடுச்சு" என்பதே.

இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்திருந்தது. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதியோர்க்கு இம்முறிவு எத்துணைக் கொடியது என்பதை அங்குதான் அறிந்தேன். எலும்பைப் பொருத்துவது ஒருபுறம் இருக்க, படுக்கையில் நீண்ட நாள் கிடப்பதால் நுரையீரலில் சளி தங்குதல், இரத்தம் உறைதல், படுக்கைப்புண் எனத் தொடரும் கேடுகளே உயிருக்கு உலை வைப்பன என்றார் மருத்துவர். ஆகவே விரைந்து அறுவை செய்து, விரைந்து எழுப்பி நிறுத்த வேண்டுமாம்.

அன்று மாலை என் உறவினர் ஒருவர் வந்து எனக்கு நன்மை சொல்வதாக எண்ணி ஓர் அறிவுரை சொன்னார். "மச்சான், பழம் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாருங்க, பணம் மட்டும் கொடுத்துடாதீங்க. கொடுத்தா நீங்க குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணத்தைப் பற்றிய அச்சமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

மறுநாள், வழக்கறிஞராக விளங்கும் என் பழைய மாணவரை அழைத்துக் கேட்டேன். என்னிடம் யாப்பிலக்கணம் பயின்று, அதில் தேர்ச்சி பெற மிகவும் துன்புற்றவர் அவர். சட்டத்தை மட்டும் தளை தட்டாமல் சொன்னார். இங்கிலாந்தில் 1866ஆம் ஆண்டிலேயே இதற்கொரு தீர்ப்பு உண்டாம். சர்க்கரை ஆலை ஒன்றில் எரிவாயுக் கருவியைச் சோதிக்க வந்த தொழிலாளி, தடுப்பில்லாத குழி ஒன்றில் விழுந்தார். தொழில் நிமித்தம் தன் இடத்திற்கு வருவோரை, தான் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய அபாயத்திலிருந்து காக்க ஆலைக்காரர் உரிய கவனம் எடுத்திருக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறிற்று. பின்னர் 1957இல் அந்நாடு இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. தீங்கியல் சட்டம் எனப்படும் பொதுநெறியைத் தழுவியே நம் நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன.

"அப்படியானால் என்மேல் பொறுப்பு இல்லையா?" என்றேன். ஆசை அப்படிக் கேட்க வைத்தது.

"இருக்கிறது ஐயா" என்றார். "வாடகைதாரரின் அறைக்குள் விழுந்திருந்தால் வேறு. படிக்கட்டு பொது வழி. அது உங்கள் கைவசம் உள்ளது. மேலும் உங்களிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல உங்களுக்கு வழியே இல்லை."

தில்லிச் சாந்தினி சவுக்கில் நகராட்சிக்கு உரிய மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் மாண்ட வழக்கையும் அவர் சொன்னார். அக்கட்டடம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பழமையானது. அதில் பயன்படுத்திய சுண்ணாம்புச் சாந்தின் ஆயுளோ நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளே. 1966இல் உச்ச நீதிமன்றம், குறை கண்ணுக்குத் தெரிந்ததா மறைந்திருந்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. நெடுஞ்சாலையை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர் அதனைச் சோதித்துப் பேணக் கடமைப்பட்டவர் என்றும் தீர்ப்பளித்தது. மணிக்கூண்டின் சாந்து உள்ளே உளுத்தது எவர் கண்ணுக்கும் புலப்படாதது. என் வீட்டுப் பாசியோ பச்சைப் பசேலென்று நாள்தோறும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மையாருக்கும் பாசி இருப்பது தெரியுமே, இருளில் ஏன் இறங்க வேண்டும் என்று நான் வாதிட்டேன். அவர் கவனக்குறைவு இருப்பின் இழப்பீடு ஓரளவு குறையுமே ஒழிய, என் பொறுப்பு அழியாது என்றார் மாணவர். வேறு படிக்கட்டு இல்லாதவர் அதே படியில் இறங்குவதை, அபாயத்திற்கு இசைந்தார் என்று கொள்ள இயலாதாம். வழக்கு என்று வந்தால் அந்நாளில் தமிழகத்தில் கேட்கும் தொகையில் ஏழரை விழுக்காடு நீதிமன்றக் கட்டணம் கட்டவேண்டும். (2017இல் அது மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.) ஏழைகள் வழக்குத் தொடராமைக்கு இதுவும் ஒரு காரணம். "ஆனால் ஐயா, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். அந்த அம்மா விரும்பினால் காசில்லாமல் உங்கள்மேல் வழக்குத் தொடுக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுதலிலும் எத்தனை வேற்றுமை! தாம்பரம் நிலையத்தில் வண்டி ஏறும்போது பயணச்சீட்டுடன் ஒருவர் விழுந்தால், இரயில்வே நிர்வாகத்தின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டிய தேவையே இல்லை; 1994இல் இரயில்வே சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அவருக்கு இழப்பீட்டு உரிமை தருகிறது. உயிரிழப்புக்கு நான்கு இலட்சமாக இருந்த தொகை 2017 முதல் எட்டு இலட்சம். ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவதை அவரது கவனக்குறைவு என்று சொல்லி அவ்வுரிமையை மறுக்க இயலாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பேருந்திலிருந்து விழுந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் உண்டு. 2012 ஜூலையில் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முடிச்சூர் அருகே விழுந்து இறந்ததை நாடே அறியும். உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் பிறந்தன. அச்செய்தி கேட்டு, ஓட்டையைப் பார்த்தும் பாராமுகமாய் இருந்தவர்களை வகுப்பறையில் நின்று கடிந்து பேசியவன் நான். மூன்றே ஆண்டுகளில் என் படியும் அந்த ஓட்டையின் உறவாயிற்று. வீட்டுப் படியில் விழுபவருக்கோ தனித் தீர்ப்பாயம் ஏதும் இல்லை. உரிமையியல் நீதிமன்றமும் நெடுங்காத்திருப்புமே கதி.

வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல் உதவுவதை வள்ளுவப் பெருந்தகை கேள்வி அதிகாரத்தில் உவமையாக்கியதை ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். கோலைப் பற்றிப் பேசினேனே தவிர, நிலத்துக்கு உரியவனைப் பற்றி ஒரு மாணவரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியதை மீலாது விழா மேடைகளில் எடுத்துரைத்தவனும் நானே. பொதுவழியில் இசைவின்றிக் குழி தோண்டியவன், அதில் விழுந்தவருக்கு ஈடு தரவேண்டும் என்பது இஸ்லாமியச் சட்ட நூலோர் பண்டே வகுத்த நெறி. உதுமானியப் பேரரசு 1876இல் நிறைவு செய்த 'மஜல்லா' என்னும் சட்டத்தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. குழி தோண்டுவதும் பாசியை வளரவிடுவதும் ஒன்றா என்று ஆலிம்கள்தாம் சொல்லவேண்டும். என் மனத்திற்கு வேறுபாடு தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குச் சென்று, அறுவைச் சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்பதாக அந்த இளைஞரிடம் சொன்னேன். குழாய்க்காரரிடம் நான் சொல்லவே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், "பணத்தை விடுங்க பாய், அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பேன்" என்றார். உறவினர் அஞ்சியபடி வழக்கறிஞர் அறிவிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் அச்சொல்லை விட எந்த அறிவிக்கையும் என்னைச் சுட்டிருக்காது. அம்மையாரோ, "விடு தம்பி, என் விதி" என்றார். விதி என்று அவர் சொல்லலாம். அது அவர் பெருந்தன்மை. அதையே நான் சொன்னால் அது களவு.

அவ்வாரமே குழாய் மாற்றினேன். இரண்டடிக் குழாய், ஒரு வளைவுத் துண்டு, அரைநாள் கூலி எனச் செலவு அறுநூற்று நாற்பது ரூபாய். பாசியைச் சுரண்டிப் படிகளைக் கொத்தனாரைக் கொண்டு சொரசொரப்பாகக் கொத்திப் பூசினேன். கைப்பிடிக் கம்பியும் விளக்கும் வைத்தேன். சட்டம் பயில்வோர் கேட்கக்கூடும் என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எந்தெந்தப் பழுதுகள் உரிமையாளருக்கு உரியன, எவை குடியிருப்பவருக்கு உரியன என்று ஓர் அட்டவணையே தந்துள்ளது. கட்டடப் பழுதும் குழாய் மாற்றலும் உரிமையாளர் பங்கில் உள்ளன. வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நம் சமுதாயப் பெரியவர்கள் ஒருமுறை அதனைப் பார்ப்பது நலம். பள்ளிவாசல் ஹவுளின் படிகளையும், திருமண மண்டபத்தில் கைகழுவும் இடத்தையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடலாம்.

அம்மையார் நான்கு மாதங்களுக்குப் பின் நடைதாங்கியைப் பற்றிக்கொண்டு நடந்தார். மாடி ஏற இயலாமையால் அவர்கள் 2016 கோடையில் மாடம்பாக்கத்தில் கீழ்த்தள வீடு ஒன்றுக்குக் குடிபெயர்ந்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து என் மகளின் திருமணத்திற்கு அழைப்பிதழ் கொடுத்தேன். மகனும் மருமகளும் அழைத்துவர, முதல்நாளே வீட்டிற்கு வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்த்தினோம். தேநீரை ஆற்றிக் குடித்தவர், வடபுறப் படிக்கட்டை நெடுநேரம் பார்த்தார். புதிய கம்பியைக் கண்டாரோ, பழைய படியைக் கண்டாரோ அறியேன்.

"தம்பி, தண்ணி இப்ப சொட்டுறதில்லையே?" என்றார்.

"இல்லைம்மா" என்றேன்.