குளூகோஸ் டப்பாவுடன் ஓர் உல்லாசப் பயணம்

"பரீட்சை முடிந்ததும் வொண்டர்லா போகலாம்மா" என்று என் பையன் கேட்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் "பார்க்கலாம்டா" என்பேன். அந்தப் 'பார்க்கலாம்' எதற்கென்று அவனுக்கும் தெரியும். அதனால் அதிகம் வற்புறுத்த மாட்டான். என் சின்ன மகளுக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. இப்போது அவளுக்குப் பத்து.

இது பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல. இதை ஊராருக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி, விரல் நுனியில் ரத்தப் பரிசோதனை என்று எங்கள் வீட்டுக் கடிகாரம் அதற்குத் தகுந்தபடி ஓடுகிறது.

"இந்தப் புள்ளையை வெச்சுக்கிட்டு தண்ணியில குதிக்கிற எடத்துக்கெல்லாம் எதுக்கும்மா?" என்றார் என் மாமியார். இவரும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அம்மா சொல்றது சரிதானே" என்றார். நான் பதில் பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி மகள் என்னிடம், "என்னாலதானேம்மா அண்ணன் போக முடியல?" என்று கேட்டாள். மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சிரித்தார். "தாராளமா போங்க. ஆனா ஒரே நாளில போய்ட்டு வராதீங்க. பக்கத்திலேயே தங்குங்க" என்றார். ஆடி ஓடும் நாளில் ஊசி அளவை எப்படி மாற்றுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, இது முக்கியம். மருந்து, ஊசி, குளூகோஸ் எல்லாம் உள்ளே எடுத்துப் போக ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்படிப்பட்ட இடங்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்களே, அதற்காக.

வொண்டர்லா கொச்சியில் 2000-ம் ஆண்டு வீகாலேண்ட் என்ற பெயரில் ஆரம்பமானது. பெங்களூர் பக்கத்தில் பிடதியில் உள்ளது 2005-ல் வந்தது. அதை ஒட்டியே அவர்களுடைய தங்கும் விடுதியும் இருக்கிறது. சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக 200 கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பெங்களூர் நகர நெரிசலுக்குள் நுழையாமல் நைஸ் ரோடு வழியாகச் சுற்றி மைசூர் ரோட்டைப் பிடித்துவிடலாம். சனி, ஞாயிறைத் தவிர்த்து ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய், புதன் பார்த்து அறை பதிவு செய்தோம். கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு.

பதிவு செய்யும்போது நான் கேட்ட முதல் கேள்வி நீச்சல் குளத்தைப் பற்றியல்ல, ஃபிரிட்ஜைப் பற்றி! இவருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உபயோகத்தில் உள்ளது சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். ஆனால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. உறைந்து போனாலும் வீண்தான். பல ஹோட்டல்களில் கதவுச் சாவி அட்டையை உருவியதும் அறையின் மின்சாரம் முழுவதும் நின்றுவிடும், ஃபிரிட்ஜும் சேர்ந்து! ஆகவே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளிர்ப்பெட்டியின் உறைபனிப் பக்கத்தில் மருந்தை வைக்காதீர்கள். வழியில் டிபனுக்கு இறங்கினபோதுகூட மருந்துப் பையைக் காரில் விடவில்லை. அகல வாய் பிளாஸ்க்கில் ஐஸ் பையைத் துணியில் சுற்றி வைத்து, என் தோளிலேயே மாட்டிக்கொண்டேன்.

அடுத்தது உடை. நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடை கூடாது, நைலான் மாதிரியான துணிதான். புடவையோடு உள்ளே இறங்கவே முடியாது. நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. சர்க்கரை இறங்கினால் முதலில் தெரிவது வியர்வையும் நடுக்கமும். தண்ணீருக்குள் வியர்வை தெரியுமா? நடுங்கினால் குளிர் என்று நினைத்துக்கொள்வோம். கரையிலிருந்து எனக்கு என்ன தெரியும்? நாற்பத்து நாலு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, முழுக்கை வைத்து முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற நீச்சல் உடை ஒன்று வாங்கினேன். மாமியாரிடம் காட்டவே கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. புள்ளைக்குப் பக்கத்துலயே இரு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் தன் பழைய சுருக்குப்பையைப் போலவே மழைக்கோட்டுத் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தார், குளூகோஸ் டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள!

டிக்கெட் வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்துத்தான். சில ராட்டினங்களில் ஏறவும் உயரக் கணக்கு உண்டு. வீட்டுச் சுவரிலேயே அளந்துகொண்டு போனால், வரிசையில் நின்ற பிறகு குழந்தை ஏமாந்து அழ வேண்டியிருக்காது. பையன் எல்லாவற்றிலும் ஏறித் தலைகீழாகச் சுற்றினான். எனக்குப் பார்க்கவே தலை சுற்றியது.

அலைக்குளத்தில் முதல் அரை மணி நேரம் மகள் போட்ட கூச்சலைக் கேட்க வேண்டுமே! நானும் கூடவே கத்தினேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு திடீரென்று பேச்சு நின்றது. "குளிருதாடா?" என்றேன். பதில் இல்லை. உதடு நடுங்கியது. கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தேன். விரலில் தண்ணீர் இருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும்; அதனால் பாலிதீன் பையில் உலர்ந்த டவல் ஒன்று தனியாக வைத்திருந்தேன். துடைத்துப் பார்த்தால், 62.

70-க்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது. சுருக்குப்பையைத் திறந்து மூன்று டீஸ்பூன் குளூகோஸ், அதாவது 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷம் என்னைப் பொறுத்தவரை ஒரு யுகம். இவர் பக்கத்தில் வந்து நின்றார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, அவளுடைய பாதத்தைத் துடைத்துவிட்டார். 98 வந்தது.

"இன்னும் விளையாடணும்" என்று அவளுக்கு அழுகை. பக்கத்திலேயே தங்கச் சொன்ன டாக்டரின் புத்தி அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே நாளில் போய் வருவதாக இருந்தால், 'கொடுத்த காசு வீணாகுதே' என்று அந்த வெயிலிலேயே இழுத்துக்கொண்டு திரிந்திருப்போம். நாங்களோ அறைக்குப் போய், சாப்பாட்டுக்கான ஊசி போட்டு, தயிர்சாதம் கொடுத்து, ஏசியில் படுக்கவைத்தோம். மாமியார் அங்கே கால் நீட்டிப் படுத்திருந்தார். முட்டிவலிக்காரருக்கும் அந்த அறைதான் சொர்க்கம். நாலு மணிக்கு எழுந்து மறுபடி போனோம். இந்தத் தடவை அரை மணிக்கு ஒரு தரம், அவள் முகம் சுளித்தாலும் சரி, வெளியே இழுத்துப் பார்த்தேன்.

ராத்திரிதான் இன்னும் கவனம் வேண்டும். பகலில் ஆடின ஆட்டத்துக்குப் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் சர்க்கரை இறங்கலாம். படுக்கும்போது ஒரு டம்ளர் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தேன். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால், இவர் ஏற்கெனவே எழுந்து கையில் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார்! மூன்று வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் விரலில் குத்திப் பார்த்ததில்லை. ரத்தம் என்றால் பயம். "எப்படிக் குத்தணும், காட்டு" என்றார். காட்டினேன். கை நடுங்கியது; ஆனாலும் குத்தினார். 76. பிளாஸ்க்கில் வைத்திருந்த பாலை அரைத் தூக்கத்தில் குடித்துவிட்டு அவள் புரண்டு படுத்தாள்.

மறுநாள் காலை கிளம்பும்போது பிடதியின் தட்டை இட்லி சாப்பிட ஒரு சின்னக் கடையில் நிறுத்தினோம். தட்டு மாதிரி அகலமாக, மேலே வெண்ணெய்க் கட்டியோடு வரும். மகள் அதை விரலால் அளந்தாள். "அம்மா, இது நம்ம வீட்டு இட்லி மூணுக்குச் சமம்" என்றாள். கணக்கு எனக்கும் சரியாகவே பட்டது. அண்ணனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, இன்சுலின் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, அளவைத் திருப்பி எனக்குக் காட்டிவிட்டு, தானே தொடையில் போட்டுக்கொண்டாள். அதுவரைக்கும் நான்தான் போட்டுவிடுவேன்.

அங்கிருந்து ராமநகரம் தாண்டிச் சென்னபட்டணம் போனோம். வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்கிற பொம்மைகளுக்குப் பேர்போன ஊர் அது. மாமியார் தன் சொந்தப் பணத்தில் பேத்திக்கு ஒரு சிவப்புப் பம்பரம் வாங்கிக் கொடுத்தார். "அடுத்த வருஷம் எங்கடா போறோம்?" என்று அவர்தான் பையனைக் கேட்டார்.