மானிட்டர் மேல தப்பில்லை!

2007-ல் டெல் ஆலை வந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் லேப்டாப் தயாராகும் ஊர். பக்கத்து ஒரகடத்தில், ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்த இளைஞருக்கு மானிட்டரில் ‘நோ சிக்னல்’. ஓவர்டைம் காசில், கேபிள் இல்லாமல் வாங்கிய செகண்ட்ஹேண்ட் மானிட்டர் அது. போன் சார்ஜரின் டைப்-சி கேபிளைச் செருகியிருந்தார். ‘விண்டோஸ் + பி’ அழுத்தினார். மானிட்டர் மெனுவில் இன்புட்டை மாற்றினார். ம்ஹூம்! “போர்டு போயிருக்கும்ணே” என்றார் அறைத்தோழர். தண்டச் செலவுகள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

கடைசியில் செட்டாப் பாக்ஸிலிருந்து உருவிய ஹெச்.டி.எம்.ஐ கேபிளைச் செருகியதும் படம் வந்துவிட்டது. பெரும்பாலான போன் சார்ஜர் கேபிள்களில் படத்தைக் கடத்தும் கம்பிகளே கிடையாது. கேபிள் சரியாக இருந்தாலும், லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ வசதி இருக்க வேண்டும். கேபிள் வாங்கக் கிளம்பும்முன், உங்கள் மாடலுக்கு அது உண்டா என்று கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.